இரண்டு புள்ளி ஆறு

டியூஷனில் சொல்லித் தந்த உவமை இது:
வினையூக்கி என்பது கல்யாணத் தரகர்.
பெண்ணையும் பையனையும் சேர்த்துவைப்பார்,
பந்தியில் உட்கார்ந்து பாயசம் குடிப்பார்,
வந்த வேட்டியோடே
அடுத்த வீட்டுக்குப் போவார்.
இரண்டு மதிப்பெண்.
நானும் எழுதி வாங்கினேன்.

முல்ஹைமில்,
ரூர் ஆறு மதகில் விழும் சத்தம் சுவருக்குள் கேட்கிற
நிலவறையில்
இப்போது என் கையில் ஒரு குப்பி.
அலமாரிக்கு இரண்டு பூட்டு. மஞ்சள் முக்கோணச் சீட்டு.
கருவியை நீட்டினால்
டிக். டிக்டிக். டிக்.
ஓட்டை ஓட்டில் சொட்டும் மழைபோல
ஒழுங்கில்லாமல் எண்ணுகிறது.

குப்பியின் மேல் சித்த மருந்துபோல ஒரு செய்முறை:
கோபால்ட் நூறு பங்கு
மக்னீசியா எட்டு
தோரியம் ஐந்து
ஏரியடியில் செத்த நுண்பாசிகளின் ஓட்டுமண்
இருநூறு.

எண்ணப்படுவது தோரியம்.
ஒரு காலத்தில் மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணல்
இந்த நாட்டுக்குக் கப்பலேறியதுண்டு.
இது அதுவாக இருக்கலாம்.
இல்லாமலும் போகலாம்.
ஊர் கேட்டால் டிக் என்கிறது.

நிலக்கரியை நீராவியில் வாட்டினால் வாயு.
வாயுவை இந்தக் கறுப்பு மணிகள்மேல் விட்டால்
ஒரு கரியணு வந்து உட்காரும்.
தூக்கிவந்த ஆக்ஸிஜனை இறக்கிவைக்கும், அது நீராய்ப் போகும்.
இரண்டு ஹைட்ரஜனை மடியில் ஏற்றும்.
அதன் தோளில் கைவைத்து இன்னொன்று,
அதன் தோளில் இன்னொன்று,
ரயில் விளையாடும் பிள்ளைகள் மாதிரி.
எட்டுப் பெட்டியில் அறுந்தால் பெட்ரோல்,
பதினைந்தில் டீசல்,
அறவே அறாவிட்டால் மெழுகு.
எங்கே இறங்குவதென்று
ஏறும்போது எதற்கும் தெரியாது.

கந்தகம் கொஞ்சம் கலந்துவிட்டால்
வந்த கந்தகம் எழுந்து போகாது.
இருக்கைகள் நிறையும்.
ரயில் நிற்கும்.

குப்பியோடு ஒரு பேரேடு.
எர்னா வெஸ்காம்ப், நிறைக்கூடம், 1943.
கோபால்ட் கிடைக்காத போர்க்காலம்;
ஆலைக்குப் போன ஒவ்வொரு கிராமும்
கரைத்து வடித்துத் திரும்ப வேண்டும்.
போனது நூறு.
வந்தது தொண்ணூற்றேழு புள்ளி நான்கு.
அடுத்த வாரமும் கிட்டத்தட்ட அதே.
விமானங்கள் எங்கே பறந்தன,
எந்த ஊர் எரிந்தது
என்பதற்கு இதில் பத்தி இல்லை.
இழப்புக்கு மட்டும் ஒரு பத்தி.
அதில் நேரான மையெழுத்தில்:
குழாய்ச் சுவர்.
வடிகட்டித் துணி.
மெழுகோடு போனது.

மார்ச் மாதத்தில் ஒரே ஒரு வரி பென்சிலில்.
அழித்திருக்கிறார்கள்.
தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தேன்,
பள்ளம் அழியவில்லை:
கொட்டி இறக்கும் பெண்களின் மூச்சில்.

அந்தப் பெண்கள் மார்பில்
நீலத் துணிச்சதுரம் தைத்திருந்தவர்கள்.
முகத்துக்குத் துணி தரவில்லை.
பேரேட்டில் அவர்களுக்குப் பெயரும் இல்லை, எடையும் இல்லை.

அடுத்த பக்கத்திலிருந்து வேறு கையெழுத்து.
எர்னாவுக்குக் கல்யாணமாகியிருக்கலாம்.
வேறு மேசைக்கு மாற்றியிருக்கலாம்.
புதுக் கை எழுதியது வாராவாரம் ஒரே சொல்:
தூசி.

மேலே என் மேசையில் ஓடுவது இரும்பு.
மலிவு; திரும்பக் கேட்க ஆளில்லை.
புகைபோக்கியின் கழிவிலிருந்தே எரிபொருள் என்று
திட்ட அறிக்கையில் இலை படம் போட்டிருக்கிறோம்.
இந்த வாரம் போட்டது ஐந்து கிராம்.
எடுத்தது நான்கு புள்ளி ஒன்பது எட்டு.
‘தராசுப் பிழை, விட்டுவிடு’ என்கிறான் தோர்பென்.
நல்லவன். காபி கொண்டுவந்து வைத்தான்.

விட்டுவிடலாம்தான்.

முகக்கவசத்தைக் கழற்றி
உட்புறம் திருப்பிப் பார்த்தேன்.
வெள்ளையாகத்தான் இருந்தது.
தராசின் கண்ணாடிக் கதவைத் திறந்து
அதை உள்ளே வைத்தேன்.
கதவை மூடி,
எண்கள் நிற்கும்வரை
மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.