ஆறரைப் புள்ளி

இந்த மானுக்கு உடம்பில் புள்ளி கிடையாது.
கழுதைக்கு இருப்பதுபோல் காது,
நுனி கறுத்த வால்.
மிரண்டால் நான்கு காலும் ஒன்றாகத் தரையை உதைத்து
எழும்பி எழும்பிப் போகும்.
புள்ளிகள் இருப்பது எங்களிடம்,
வயோமிங் மாநில அலுவலகக் கணினியில், பெயருக்கு நேரே.
காசு கட்டினால் வருஷத்துக்கு ஒன்று.
மறந்தால் இல்லை.

ஆரினுக்கு எட்டு.
எனக்கு ஐந்து.
விட்டுப்போன மூன்றில்
ஒன்று கிர்ஸ்டன் பிறந்த வருஷம்,
ஒன்று முழங்கால் அறுவை,
இன்னொன்று, அவன் முகத்தில் விழிக்கப் பிடிக்காத வருஷம்.

பெமிட்ஜி நீதிமன்றத்தில் முற்றுப்புள்ளி வைத்தபோது
வீடு எனக்கு, படகு அவனுக்கு,
இரண்டு துப்பாக்கியும் அவரவர்க்கு,
பெரிய ஐஸ் பெட்டி, மூடியில் விரிசலோடு, எனக்கு.
மற்ற புள்ளிகளைப் பற்றி
நீதிபதி அம்மாளுக்குத் தெரியாது.
நாங்களும் வாய் திறக்கவில்லை.

ஏப்ரல். ஏரி இன்னும் கல்லாகக் கிடக்கிறது.
பள்ளிப் பேருந்தை நிறுத்திவிட்டு வந்து
கையுறையைக் கழற்றாமலே வரைபடம் விரித்தேன்.
மஞ்சள், பொது நிலம்.
வெள்ளை, யாரோ ஒருவருடைய பண்ணை.
மஞ்சளும் மஞ்சளும் ஒரே ஒரு மூலையில் தொட்டுக்கொள்ளும் இடத்தைப்
பென்சிலால் வட்டமிட்டு
அப்புறம் அழித்தேன்.
அந்த மூலையைத் தாண்டலாமா கூடாதா என்று
வக்கீல்களே அடித்துக்கொள்கிறார்கள்.

இரவு ஒன்பதரைக்கு ஆரினிடமிருந்து
குழு எண் வந்தது.
எண் மட்டும். வேறு ஒரு சொல் இல்லை.

குழுவாகப் போட்டால் சராசரி.
எட்டும் ஐந்தும் பதின்மூன்று,
பாதி ஆறரை.
போன வருஷக் கணக்கைத் தேடினேன்:
எட்டு வைத்திருந்தவர்கள் எல்லோருக்கும் சீட்டு.
ஏழுக்குக் கீழே மூன்று பேரில் ஒருவருக்கு.

திரும்பவும் பார்த்தேன்.
தனியாகப் போட்டால் அவனுக்கு நிச்சயம்.
என்னைச் சேர்த்தால் குலுக்கல்.

கணக்குத் தெரியாதவன் இல்லை அவன்.
கிணறு தோண்டுகிறவன்,
அடிக்கு இவ்வளவு என்று வாங்குகிறவன்.
மறுநாள் கூப்பிட்டேன்.
பின்னால் துளைக் கருவி இரைந்துகொண்டிருந்தது.
"கணக்குப் பார்த்தியா?"
"பார்த்தேன்."
"பார்த்துமா?"
"ஒரு கொம்பனைத் தனியா மலையிறக்க
என் முதுகு ஒத்துக்காது, லோர்னா."
"உன் தம்பியைக் கூட்டிட்டுப் போயேன்."
"டேலுக்குப் புள்ளியே இல்லையே."

சுமக்க வருகிறவனுக்குப் புள்ளி எதற்கு?
கேட்கவில்லை நான்.
கருவி ஏதோ பாறையில் மோதி
சத்தம் மாறியது.
"வைக்கிறேன்" என்றான்.

மே முழுக்க
கடன் அட்டையில் அந்தத் தொகை பிடித்தே இருந்தது.
கிர்ஸ்டனின் பல் கம்பியைத் தள்ளிப்போட்டேன்.
கோதுமைக் கிடங்கின் பின்புறம்
இருநூறு கஜத்தில் காகிதத் தட்டு வைத்துச் சுட்டுப் பழகினேன்.
நான்கு குண்டு இடப்பக்கம் ஒதுங்கின.
ஐந்தாவது எங்கே போனதென்றே தெரியவில்லை.

ஜூன். விடுமுறை.
பேருந்து இருக்கைகளுக்கு அடியில்
சூயிங்கம் சுரண்டிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது.
கிடைத்துவிட்டது. இருவருக்கும்.
கீழே சின்ன எழுத்தில்,
மீதிப் புள்ளி: பூஜ்யம்.

பதினோரு வருஷக் கல்யாணத்திலும்
இப்படிச் சமமாக நாங்கள் இருந்ததில்லை.
இனி அவனை என்னோடு பிணைத்து வைக்க
வயோமிங்கிடம் எதுவும் இல்லை.

சிரிப்பும் வந்தது, பயமும்.
கையில் யாரோ ஒரு பையன் மென்று துப்பிய பசை.

பட்டியல் போட்டேன்.
பதினாறு மணி நேரப் பயணம். யார் வண்டி?
தண்ணீர், நாற்பது லிட்டர்.
எலும்பிலிருந்து கறியைப் பிரிக்கக் கத்தி, மூன்று.
உப்பு.
கூடாரம்,
அந்த இடத்தில் எண் எழுதாமல் விட்டு
அடுத்த வரிக்குப் போனேன்.

மாலை அவன் அழைத்தான்.
வாழ்த்தெல்லாம் இல்லை.
"அந்தப் பெரிய ஐஸ் பெட்டி
இன்னும் மூடுதா?"

கராஜுக்குப் போய்
மூடிப் பார்த்தேன்.
"உட்கார்ந்தா மூடுது" என்றேன்.