நான்கரை மீட்டர்

ஃபுஜைராவில், கடலுக்கு முதுகு காட்டியபடி
எங்கள் கல்லூரியின் நீச்சல்குளம்.
ஆகஸ்டில் அதன் தண்ணீர் ஆறிய தேநீர்ச் சூட்டில் இருக்கும்.
காவலாளி நூருல்லா காலையிலேயே பனிக்கட்டி மூட்டைகளை
அவிழ்த்துக் கொட்டுவார்.
நான் வருகைப் பதிவு எடுத்து முடிப்பதற்குள்
வட அட்லாண்டிக் கரைந்துவிடும்.

என் மாணவர்கள் இழுவைப் படகிலும் பங்கர் படகிலும்
பாதி ஆயுளை ஓட்டிவிட்டவர்கள்.
சமையற்காரர், எண்ணெய் துடைப்பவர், கயிறு எறிபவர்.
இரவுப் பணி முடிந்து நேராக வந்து
சுவரில் சாய்ந்தபடி தூங்குவார்கள்.
ஐந்து வருடத்துக்கு ஒருமுறை
இவருக்குக் கடலில் சாகாமலிருக்கத் தெரியும் என்று
ஒரு தாள் வேண்டும்.
அதன் வலது மூலையில் என் கையெழுத்து.

என்னை 'சார்' என்கிறார்கள்.
முதல் வாரம் திருத்தினேன்.
கப்பலில் மூன்றாம் அதிகாரியாய் இருந்தபோதும் 'சார்'தான்,
போகட்டும்.

குதிக்கக் கூடாது, என்பேன்.
குதிப்பவன் கீழே பார்ப்பான்.
கீழே பார்ப்பவனின் தாடையை ஜாக்கெட் பெயர்த்துவிடும்.
ஒரு கையால் மூக்கைப் பொத்து.
மறு கையால் ஜாக்கெட்டின் கழுத்தை இறுக்கு.
அடிவானத்தைப் பார்.
பார்த்துக்கொண்டே ஓர் அடி எடுத்து வை,
பஸ்ஸிலிருந்து இறங்குவதுபோல.

"அடிவானம் எங்கே சார்?" என்றான் ஹுமைத்.
கேள்வி சரிதான்.
எதிரே சுவர். சுவரில் கழிவறைக்கு வழிகாட்டும் அம்பு.
"அந்த அம்புதான்" என்றேன்.
அன்றிலிருந்து ஒவ்வொரு வகுப்பும்
கழிவறையைப் பார்த்துத்தான் கப்பலைக் கைவிடுகிறது.

கொர்ஷெத் ஆலம் மட்டும் நின்றுவிட்டார்.
நோவகாளிக்காரர். எஞ்சின் அறையில் பதினேழு வருடம்.
நான்கரை மீட்டர் மேடை விளிம்பில்
கால்விரல்கள் கான்கிரீட்டைக் கவ்வ,
பொத்திய மூக்கை விடாமலே சொன்னார்:
"சார், நான் கடலைச் சரியாகப் பார்த்ததே இல்லை.
என் வேலை தண்ணீர்க்கோட்டுக்குக் கீழே."

கீழே மிதந்தவர்கள் சிரிக்கவில்லை.
யாரோ கைதட்டத் தொடங்கி, நிறுத்திக்கொண்டான்.
பத்து நிமிடம். பதினைந்து.
பிறகு ஏணி வழியே, முகத்தைச் சுவருக்குக் கொடுத்து,
இறங்கி வந்தார்.

மாலையில் கம்பெனி ஆள் போன் செய்தார்.
"ஒரு கையெழுத்துதானே மேடம்?"
இந்த ஊரில் என்னை மேடம் என்பவர்கள்
எல்லோரும் எதையாவது கேட்பவர்கள்.

என் கடைசிக் கப்பலில் சுஃபியான் என்று ஒருவன்.
அவன் தாளில் எல்லாக் கட்டங்களிலும் டிக் இருந்தது.
பைலட் ஏணியிலிருந்து தவறி விழுந்த இரவில்
மிதவை விளக்கை வீசியது நான்.
விளக்கு கிடைத்தது.
பிறகு அவன் கோப்பைப் புரட்டினேன்.
யாரோ ஒரு பயிற்சியாளரின் கையெழுத்து, நீண்ட வால் வைத்தது.
இப்போதும் கண்ணை மூடிக்கொண்டு
அதை என்னால் போட முடியும்.

போட மாட்டேன் என்று கம்பெனிக்குச் சொன்னேன்.
காரணம் சொல்லவில்லை.
கொர்ஷெத்தின் வேலை போனால்
அதற்கும் என் பெயர்தான் என்பது
ராத்திரி இரண்டு மணிக்குத் தெரிந்தது.
ஜன்னலுக்கு வெளியே நங்கூரமிட்ட கப்பல்கள்,
ஒன்றும் நடவாத ஒரு நகரம்போல்
விளக்கேற்றி நின்றன.

சனிக்கிழமை, விடுமுறை.
வாசலில் ஒருவர் நிற்பதாக நூருல்லா போன் செய்தார்.
அதே சட்டை. கையில் துண்டு,
பிளாஸ்டிக் பையில் மாற்றுத் துணி.
"ஒருமுறை நீங்கள் செய்து காட்டுங்கள் சார்."

மூன்று வருடமாக எனக்கு முழங்கால் வலி.
அப்படித்தான் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.
விசில் ஊதுவேன், தரையில் நின்று.

ஏணியில் பதினான்கு படிகள். எண்ணினேன்.
மேலே காற்று இல்லை.
ஜாக்கெட்டில் பழைய குளோரின் வாசம்,
பக்கத்தில் அவர் மூச்சு.
எதிரே அம்பு, வலப்பக்கம் காட்டியபடி.
நான் மூக்கைப் பொத்தினேன். அவரும் பொத்தினார்.
"பனிக்கட்டி இன்றைக்கு இல்லை" என்று
கீழிருந்து நூருல்லா கத்தினார்.

பஸ் இன்னும் நிற்கவில்லை.