ஒற்றைக் கோடு

பிறிஜ் கதவில் ஒட்டியிருக்கிறது
இந்த மாதத்தின் வெப்பநிலைத் தாள்.
இன்று இருபத்தாறு.
முப்பது வரை நிரம்பிவிட்டது.

நாலு, நாலு, ஐந்து, நாலு.
இன்னும் விடியாத நாள்களின் குளிரை
யாரோ அளந்து வைத்திருக்கிறார்கள்.
யாரோ என்ன, நான்தான்.
ஒவ்வொரு கட்டத்திலும் கு. ய. என்று
வால் நீண்ட என் கையெழுத்து.

நாளை கொழும்பிலிருந்து பார்வையிட வருகிறார்கள்.
"பைல் எல்லாம் வடிவா இருக்கோணும், யசோதினி."
சொல்லிவிட்டுத் தயாபரன் சேர்
ஏகாம்பரம் வீதியில் காரைத் திருப்பிப் போய்விட்டார்.
வடிவாகத்தான் இருக்கிறது.
பத்தொன்பதாம் திகதிகூட வடிவாக இருக்கிறது.

அன்றைக்குக் கரண்ட் போய் ஐந்து மணித்தியாலம்.
ஜெனரேட்டரில் டீசல் இல்லை.
றிஸ்மியா ஓட்டோ பிடித்து மீன் சந்தைக்கு ஓடி
இரண்டு பை ஐஸ் கொண்டுவந்தாள்.
மருந்துப் பெட்டிகளெல்லாம் சூடை மணத்தன.
வெப்பமானி பதினேழில் நின்றது.
தாளில் நான் நாலு என்று எழுதினேன்,
பேனை கொஞ்சமும் நடுங்கவில்லை.

மறுநாள் காலை கொன்ட்ரோல் ஓடவிட்டோம்.
கிரியேட்டினின் எல்லைக்கு வெளியே.
மறுபடியும் வெளியே.
மூன்றாவது முறை விளிம்பில் வந்து நின்றது.
நின்றதை மட்டும் பதிந்தோம்.
பிறகு நாற்பத்தொரு பேரின் இரத்தம்.

அதில் ஒருவர் கந்தளாய் விமலசேன.
முதல் பஸ்ஸில் வெறும்வயிற்றோடு வந்தவர்.
இந்தச் சோதனைக்குச் சாப்பிட்டே வரலாம் என்றதும்
பைக்குள் இருந்த பணிஸை எடுத்து
வாசலில் நின்ற மானுக்குப் பாதி பிய்த்துக் கொடுத்தார்.
ரிப்போர்ட்டில் அவருக்கு ஒன்று தசம் மூன்று.
பயப்பட ஒன்றுமில்லை என்று
யாரோ ஒரு டொக்டர் சொல்லியிருப்பார்.
அந்த எண் சரியாகவும் இருக்கலாம்.
எனக்குத் தெரியாது.
தெரியும் என்றுதான் கையெழுத்து வைத்தேன்.

படிக்கிற காலத்தில் ஒரு விதி இருந்தது.
பிழையை அழிக்காதே. டிப்பெக்ஸ் பூசாதே.
ஒற்றைக் கோடு. அதற்குக் கீழே
பிழை வாசிக்கக் கிடக்கவேண்டும்.
பக்கத்தில் சரியானது, காரணம், நேரம், பெயர்.
இந்த ஊரில் பெயர்ப்பலகைகளுக்கு மேல்
பெயின்ற் அடிக்கிறவர்களுக்கு
ஒருவரும் இதைச் சொல்லிக் கொடுத்ததில்லை.

பத்தொன்பதின் நாலுக்குக் குறுக்கே கோடு இழுத்தேன்.
பதினேழு. மின்தடை. கு. ய.
இருபத்தேழு. நாள் வரமுன் எழுதியது. கு. ய.
இருபத்தெட்டு. அதே.
இருபத்தொன்பதில் பேனை எழுதவில்லை,
உள்ளங்கையில் கிறுக்கி உயிர்ப்பித்தேன்.

கிண்ணியாவிலிருந்து றிஸ்மியாவின் மெசேஜ்:
"என்ட பெயரையும் போடுங்க அக்கா.
ஐஸ் வாங்கினது நான். மூணாந்தரம் ஓட விட்டதும் நான்."
வேலை போகும் என்பதைப் பற்றி
அவளும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை.

ஒன்பதே கால்.
நாற்பத்தொரு எண்களில் முதலாவதை அழுத்துகிறேன்.
அவரே எடுத்தார்.
என் சிங்களம் பாதி வழியில் நிற்கிற சிங்களம்.
ஆயெத் லே கன்ன ஓனே, என்றேன்.
மறுபடி இரத்தம் எடுக்கவேண்டும்.
ஏன் என்று கேட்டார்.
பிழை என்பதற்கு அவர்கள் மொழியில் என்ன சொல்
என்று தேடினேன், வரவில்லை.
தமிழிலேயே சொன்னேன்: பிழை. எங்கட பிழை.

அந்தப் பக்கம் நெடுநேரம்
தவளைச் சத்தம் மட்டும் கேட்டது.
காசு இல்லை, இலவசம் என்றேன்.
அது சரி, என்றார் தமிழில்,
பஸ் காசு?

எந்தப் படிவத்திலும் அதற்குக் கட்டம் கிடையாது.
போக வர எவ்வளவு என்று கேட்டு
தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.