ஆறேகால் பஸ்

ஹட்டனில் படம் ஆறரைக்கு முடியும்.
மேல்பிரிவுக்குக் கடைசி பஸ் ஆறேகாலுக்கு.
அதனால் எங்கள் தோட்டத்தில்
வில்லன் செத்ததை யாரும் பார்த்ததில்லை.

பின்சீட்டில்தான் மீதிப் படம் ஓடும்.
"ரயில்ல தள்ளிவிட்டிருப்பான்" என்பான் தவச்செல்வம்.
"இல்லடா, அந்தத் தங்கச்சிதான் சுட்டிருப்பா,
இடைவேளைக்கு முன்னமே துப்பாக்கியைக் காட்டுனாங்களே" –
புஸ்பராணி அக்கா, வாயில் முறுக்கோடு.
பாட்டு இழுவை. சண்டை பரவாயில்லை.
கதாநாயகி கொழுந்து எடுத்த எடுப்புக்கு
அரைப்பேர்கூட விழாது என்று
நோர்வூட் வரும்வரை சிரித்தோம்.

போன ஞாயிறு ரொபின்சன் மட்டும்
சீட்டைவிட்டு எழும்பவில்லை.
முழுசாகப் பார்த்துவிட்டு
நோர்வூட் வரை மரக்கறி லொறியில் தொற்றி,
பிறகு ஏழு மைல்
பனிக்குள் நடந்து வந்தான்.

திங்கள் காலை பிரட்டுக்களத்தில்
அவனைச் சுற்றி நின்றோம்.
கங்காணியும் காதைக் கொடுத்தார்.
செருப்பறுந்த காலைத் தடவிக்கொண்டு
கொஞ்சம் யோசித்தான்.

"புஸ்பராணி அக்கா சொன்ன முடிவுதான்
நல்லா இருந்துச்சு."

அக்கா கூடைக் கயிற்றை நெற்றியில் ஏற்றினாள்:
"எதுடா? நான் ரெண்டு சொன்னேனே."