வாளியில் இரண்டு கல்

பொஸ்பேற் 0.42.
பத்து மில்லிக் கண்ணாடிக் குப்பியைச்
சட்டை நுனியால் மறுபடி துடைத்தேன்,
விரல் ரேகையையும் கணக்கில் சேர்க்கிற பொறி இது.
இன்னொரு பொட்டலம் தூள், இரண்டு நிமிடக் குலுக்கல்.
0.42.

வெளியே ஒல்ரனில் நவம்பர்.
ஆரே ஆற்றிலிருந்து ஏறிவந்த மூடுபனி
ஆறு நாளாய் இறங்கிப் போகவில்லை.
உள்ளே இருநூறு லீற்றர் இந்து சமுத்திரம்,
மாதாந்த மின்கட்டணத்தோடு.
கொம்புப் பவளத்தின் ஊதா
பழுப்பாய் மங்குகிறது.
கண்ணாடியில் பச்சை மயிர்.
நத்தைகள் மேய்கின்றன, தீரவில்லை, மேய்கின்றன.

குழாய்த் தண்ணீரை வடிகட்டிக்குப் பிறகு அளந்தேன்: சுத்தம்.
உப்பு வாளி: சுத்தம்.
உறைந்த இறால் கட்டியைத் தேத்தண்ணி வடியில் போட்டுக் கழுவி
அந்தக் கலங்கலைத் தொட்டியில் விடாமல் ஊற்றியபோது
கள்ளனைப் பிடித்த சந்தோஷம்.
மூன்று நாள் அரைப்பட்டினி.
மஞ்சள் மீன் கண்ணாடியோரம் வந்து
கைமாற்றுக் கேட்க வந்தவன்போல் நின்றது.
0.41.

கால்வாசித் தண்ணீர் மாற்றினேன்: 0.31.
வெள்ளி இரவு அதை எழுதிவிட்டு நிம்மதியாய்ப் படுத்தேன்.
ஞாயிறு காலை 0.42.
துருநிற இரும்பு மணிகளைக் குழாயில் நிரப்பினேன்,
ஒரு டப்பா முப்பத்தெட்டு பிராங்,
நாலாம் நாள் குடித்துக் களைத்துவிட்டது.

எனக்கு முதலே விளங்கியிருக்க வேணும்.
கிழமையில் நாலு நாள்
இதே எண்ணோடுதான் என் சீவியம்.
டயலிசிஸ் பிரிவு, ஏழாம் கட்டில், திருமதி எஷ்லிமன்.
நாலு மணித்தியாலம் இரத்தத்தை வெளியே எடுத்துக்
கழுவி உள்ளே அனுப்புவோம்.
போகும்போது நல்ல எண்.
திரும்பி வரும்போது பழைய எண்.
"சீஸ் சாப்பிட்டீங்களா?"
"இல்லை."
"கோலா?"
"இல்லை."
போன கிழமை என் குரலுக்குள்
ஒரு பொலிஸ்காரன் இருந்தான்.
அவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மிச்சம் இருந்தவை கற்கள்.
ஆராவில் எர்வின் என்கிறவர்
தொட்டியை மூடும்போது அரைவிலைக்குத் தந்தவை.
இரண்டை எடுத்து
புதுக் கடல்நீர் வாளியில் இறக்கினேன்.
ஒரு சின்னப் பம்ப், மேலே மூடி.
மீன் இல்லை, இரை இல்லை, வெளிச்சமும் இல்லை.
பத்து நாள் படிக்கட்டுக்குக் கீழே.
தொடக்கம் 0.00.
பத்தாம் நாள் 0.57.

எர்வினின் மீன்கள் கொழுத்துக் கிடந்தது ஞாபகம் வந்தது.
காலை ஒருதரம், மாலை ஒருதரம்,
மனைவி போனபிறகு நடுச்சாமத்திலும் ஒருதரம்
இரை போட்டதாய்ச் சொன்னார்.
அந்தச் சாமங்களையெல்லாம்
துளை துளையாய்க் குடித்து வைத்திருந்த முருகைக்கல்
என் தண்ணீரில் இப்போது
கணக்குத் தீர்க்கிறது.

வாளிக்கு முன்னால் குந்தியிருந்தபடி
எலும்பை நினைத்தேன்.
இரத்தத்தைக் கழுவக் கழுவ
எலும்பும் தன் பங்கைக் கசியவிடும்.
பரீட்சையில் எழுதிப் புள்ளியும் வாங்கியிருக்கிறேன்.

வியாழக்கிழமை ஏழாம் கட்டிலில்
சீஸைப் பற்றிக் கேட்கவில்லை.
"எல்லாம் நீங்கள் தின்றது இல்லை,
எலும்புக்குள் பழசும் கிடக்குது" என்றேன்.
கனநேரம் கூரையைப் பார்த்தார்.
பிறகு, ஊசி ஏறிய கையைச் சற்றே தூக்கி,
"ஞாயிற்றுக்கிழமை மட்டும்.
இவ்வளவு அகலம். க்ருயேர்."
இருவரும் சிரித்ததில் குழாய் மடங்கி
இயந்திரம் ஒருதரம் அலறி நின்றது.

கற்களை எறியவில்லை.
அவசரமாய் இழுத்தால் பவளம் வெளுக்கும்,
பூச்சியத்துக்குக் கொண்டுபோனாலும்
வேறொரு சளி படரும்.
கிழமைக்கு ஒரு பிடி துருமணி,
கழுவிய இறால், இருபது லீற்றர் புதுத் தண்ணீர்.
எர்வின் எத்தனை வருடம் போட்டாரோ
அத்தனை வருடம் ஆகலாம்.

இன்று 0.39.
கொப்பியில் எழுதிவிட்டு
குப்பியைத் துடைக்கிறேன்.
மஞ்சள் மீன் வந்து நிற்கிறது.