பூச்சியம்

"அவன் இல்லாமலே செய்யலாமாம்" என்று
புஷ்பகாந்தி சொன்னபோது
எந்த அவன் என்று கேட்டேன்.
கேக் வேகவைக்கும் பெட்டி என்றாள்.
அவளுடைய அவன் கொழும்பில்
அரிசி மூட்டை இறக்குகிறான்,
பொங்கலுக்கு வருவான்.
இரண்டும் இல்லாத வீட்டில்
ஞாயிற்றுக்கிழமை தொடங்கியது வேலை.

கச்சான் முக்கால் பங்கு, கஜூ கால் பங்கு.
அதுவும் உடைந்த கஜூ.
முழுசுக்கு ஒரு விலை, உடைசலுக்கு ஒரு விலை,
எப்படியும் உடைக்கத்தானே போகிறோம்.
பேரீச்சம்பழத்தில் கொட்டை நீக்கி
மாரி பிஸ்கட்டைப் பைக்குள் போட்டு
அம்மிக்குழவியை உருட்டினாள்.
நான் சுடுதண்ணீர்ச் சட்டியின் வாயில்
கிண்ணத்தை வைத்து
சொக்லேட் உருகுவதைப் பார்த்திருந்தேன்.
ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும்
மண்ணாகத் திரண்டுவிடும்.
வெளியே மழை.
கூரைத் தகரத்தில் எந்த ஓட்டை எங்கே என்று
எனக்கு மனப்பாடம்,
சட்டியை இரண்டடி தள்ளி வைத்தேன்.

தராசு புதிது.
உள்ளங்கை அகலக் கண்ணாடித் தட்டு,
ஓரத்தில் ஒரு பொத்தான்.
வெறும் கிண்ணம் வைத்தால் 212.
பொத்தானை அழுத்தினால் பூச்சியம்.
அதற்கப்புறம் போடுவதெல்லாம் நம்முடையது.

புஷ்பகாந்தி அழுத்தினாள்.
கிண்ணத்தை எடுத்தாள், வைத்தாள்,
மறுபடி அழுத்தினாள்.
"கிண்ணத்துக்கு மட்டுந்தான் கழிக்குமா?"
மட்டுந்தான்.
"ஈரத்துக்கு?"
கழிக்காது.
"காம்புக்கு? முத்தின இலைக்கு?
நிறுக்கிறவரு மொகம் சுளிச்சதுக்கு?"

நேற்று பின்னேர நிறுவையில்
அவள் கொழுந்து பத்தொன்பது கிலோ.
சாக்குக்கு ஒன்று, மழைக்கு இரண்டு போக
பதினாறு என்று எழுதினார்கள்.
பதினெட்டு இல்லாவிட்டால் அரைப்பேர்.
மழையைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்தது
இவள்தான் என்பதுபோல.

பிறகு கொஞ்ச நேரம் வேலை நடக்கவில்லை.
தாலிக்கொடியைக் கழற்றி நிறுத்தாள்.
ஃபோனை நிறுத்தாள்.
கொழுந்து கிள்ளிக் கிள்ளிக்
கறுத்து வெடித்த கட்டைவிரலைத்
தட்டில் வைத்தாள்,
எண் ஏறி இறங்கி ஏறிக்கொண்டே இருந்தது.
மகன் டிலக்ஷன் கன்னத்தை வைத்தான்.
சொக்லேட் கட்டியாகுதடி என்று
நான்தான் கத்தினேன்.

கித்துள் பாணி இரண்டு கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு,
எல்லாம் கொட்டிக் கிளறினோம்.
தட்டில் லஞ்ச் ஷீட் விரித்து
தம்ளர் அடியால் அமுக்கி அமுக்கிச் சமப்படுத்தினோம்.
ஃபிரிட்ஜ் வேண்டுமாம்.
எங்களுக்கு எதற்கு?
ஜன்னலைத் திறந்தால் பொகவந்தலாவை.
மழை விட்டு மூடுபனி இறங்கியிருந்தது,
ஸ்தோப்புச் சுவரில் தட்டை வைத்தோம்.
நாய்க்கு எட்டாது, குரங்குக்கு எட்டும்
என்று டிலக்ஷன் கையில் தடி கொடுத்தோம்.
பனிக்குள் அவன் தலை மட்டும் தெரிந்தது.

ஒரு மணித்தியாலத்தில்
பள்ளிக்கூட அடிமட்டம் வைத்து வெட்டினோம்,
இருபத்துநான்கு துண்டு.
சிவனொளிபாதமலை ஏறப் போகிறவர்களுக்காக
பஸ் ஸ்டாண்ட் கடையில் வைக்க ஏற்பாடு.
உறையில் '40 கிராம்' என்று
நேற்றிரவே எழுதி முடித்திருந்தோம்.

41.
40.
43, மூலைத்துண்டு.
40.
38.

"யாரு நிறுத்துப் பாக்கப் போறா?" என்றேன்.
சொன்ன வாயை மூட முடியவில்லை.
புஷ்பகாந்தி என்னைப் பார்த்தாள்,
திட்டவில்லை,
கிண்ணத்தின் அடியைச் சுரண்டினாள்.
மிச்சமிருந்த அரைக் கஜூவை
அந்தச் சுரண்டலில் தோய்த்து
முப்பத்தெட்டின் தலையில் அமுக்கி
தட்டில் வைத்தாள்.

39 என்றது, யோசித்தது,
40 என்றது.

"பேர் போட்டாச்சு" என்றாள்,
"முழுப்பேர்."

நாற்பத்துமூன்றைத் தேடினால்
டிலக்ஷன் தடியோடு வாசலில் நிற்கிறான்,
குரங்கு வந்ததாம்,
வாயைத் திறக்காமலே சொல்கிறான்.