பூசணி நின்ற இடம்

வின்னிபெக். அக்டோபர் ஞாயிறு.
ஆலயக் கீழ்த்தளத்தில் ஹீட்டர் இருமுகிறது.
வட்டமாய் ஒன்பது பிள்ளைகள்,
கைமாறும் ஒரு சின்னப் பூசணி.
பாட்டு நின்றால் யார் மடியில் இருக்கிறதோ
அவர் ஒரு நன்றி சொல்ல வேண்டும்.

"நாய்க்குட்டிக்கு" என்றாள் அபிஷாலினி.
அவளிடம் நாய்க்குட்டி இல்லை.
"இனித்தான் வரும், டீச்சர்."
"பீட்சாவுக்கு."
"எனக்கும் பீட்சாவுக்கு."

சுருதி ஆளுக்கொன்றாய்,
ஸ்தோத்திரம் நாக்கில் புரளாமல்
தோத்தரமாகி, சிரிப்பாகி,
மறுபடி பாட்டாகிச் சுற்றியது.

ஜெருசன் மடியில் நின்றது.
மூன்று வாரமாய் வாய் திறவாதவன்.
காம்பைத் திருகிக்கொண்டே சொன்னான்:
"எங்கட லிஃப்ட் பழுதாப் போனதுக்கு."

யாரோ களுக்கென்றார்கள்.

"ஏழு மாடி. அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு ஏறினவர்.
மற்ற நாளில அவர் வரேக்க
நான் நித்திரை."

பியானோவில் விரல் வைத்திருந்தேன்.
அடுத்த அடி எந்தக் கட்டையில் தொடங்கும் என்பது
மறந்துபோயிருந்தது.

பிள்ளைகள் எனக்காகக் காத்திருக்கவில்லை.
தாங்களே எடுத்தார்கள்,
இரண்டு கட்டை மேலே, கத்தலாய்.
வெறுங்கைகள் வட்டத்தில் நீண்டு நீண்டு மீண்டன.
பூசணியை அவன்
யாருக்கும் தரவில்லை.